இலங்கையின் சுகாதாரச் செலவினமும் பிரதேச வேறுபாடுகளும் – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டு மக்களின் உடல்நலத்தை மதிப்பிட முற்படுவோர் பெரும்பாலும் இரண்டு எண்களையே முதலில் நாடுவர். அந்நாடு சுகாதாரத்துக்காகச் செலவிடும் பணம் ஒன்று. அந்நாட்டு மக்களின் சராசரி ஆயுள் மற்றையது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, ஐக்கிய அமெரிக்காவும் இலங்கையும் ஒன்றுக்கொன்று எதிரான முனைகளில் நிற்பதைக் காணலாம். 1960இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 வீதத்தைச் சுகாதாரத்துக்குச் செலவிட்ட அமெரிக்கா, 2023இல் 17.6 வீதத்தைச் செலவிட்டது. ஆளொருவருக்கு இது 14,570 டொலராகும். அவ்வாண்டில் அந்நாட்டவரின் சராசரி ஆயுள் 78.4 ஆண்டுகளாக இருந்தது. இலங்கையோ தனது சிறிய உற்பத்தியில் ஏறத்தாழ 4 வீதத்தையே இத்துறையிற் செலவிட்டும், சராசரி ஆயுளை 76 ஆண்டுகள் வரை உயர்த்தியுள்ளது.

இந்த முரண்பாடு உலகின் கவனத்தை ஈர்த்ததில் வியப்பில்லை. 1985இல் றொக்பெல்லர் மன்றம் வெளியிட்ட ஆய்வுத் தொகுதியொன்று, குறைந்த செலவில் நல்ல உடல்நலத்தைப் பெற்ற நாடுகளுக்கும் பிரதேசங்களுக்கும் உதாரணமாகச் சீனா, கொஸ்ரா றிக்கா, கேரளம் ஆகியவற்றோடு இலங்கையையும் எடுத்துக்காட்டியது. அன்று தொட்டு இக்கூற்று பாடநூல்களிலும் அரசாங்க அறிக்கைகளிலும் இடம்பெற்று வருகின்றது. அது பொய்யான கூற்றன்று. ஆயினும் அது ஒரு சராசரி பற்றிய கூற்று. சராசரி என்பது பலரைக் கூட்டி ஒருவராக்கும் கணக்கு. அந்த ஒருவர் கொழும்பிலும் இல்லை, கொட்டகலையிலும் இல்லை, கிளிநொச்சியிலும் இல்லை. இலங்கையின் சுகாதார வரலாற்றைப் பிரதேச வாரியாகப் பிரித்து நோக்கினால், ஒரே தீவினுள் மூன்று வேறுபட்ட செலவு முறைகள் நெடுங்காலம் அருகருகே நிலவியமை புலப்படும். எவ்வளவு பணம் செலவிடப்பட்டது என்பதிலும் பார்க்க, அப்பணத்தைச் செலுத்தியவர் யார், அவர் யாருக்குப் பதில் கூறக் கடமைப்பட்டிருந்தார் என்பதே மக்களின் நலத்தைத் தீர்மானித்தது என்பதை அம்மூன்று முறைகளின் வரலாறும் காட்டுகின்றது.

அமெரிக்க அனுபவம்

இலங்கையின் வரலாற்றுக்குட் செல்லுமுன், பிரதேச வேறுபாடு பற்றிய ஆராய்ச்சி வளர்ச்சியுற்ற அமெரிக்காவின் அனுபவத்தைச் சுருக்கமாக நோக்குதல் பயனுடைத்து. 2020ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்தில் வதியும் ஒருவருக்குச் சராசரியாக 14,007 டொலர் சுகாதாரத்துக்குச் செலவாயிற்று. யூற்றா மாநிலத்தவர் ஒருவருக்குச் செலவானது 7,522 டொலர் மட்டுமே. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஏறக்குறைய இருமடங்கு வேறுபாடு காணப்பட்டது. யூற்றாவில் இளவயதினர் மிகுதி என்பது ஒரு காரணமாகும். ஆயினும் வயதும் நோயும் மாத்திரம் இத்தகைய வேறுபாடுகளை முற்றாக விளக்கிவிடுவதில்லை.

இதனை முதலில் தெளிவாக எடுத்துக்காட்டியவர்களுள் யோன் வென்பேர்க், அலன் கிற்றல்சோன் ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். வெர்மொன்ற் என்னும் சிறிய மாநிலத்தை ஆராய்ந்து 1973இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, அயலயலே உள்ள ஊர்களிற்கூட, தொண்டைச் சதையை அகற்றுதல் போன்ற சத்திர சிகிச்சைகளின் வீதம் பல மடங்கு வேறுபடுவதைக் காட்டியது. ஊருக்கு ஊர் பிள்ளைகளின் தொண்டை அவ்வளவு வேறுபட்டிருக்க இயலாது. வேறுபட்டவை வைத்தியர்களின் எண்ணிக்கையும் அவர்தம் வழக்கங்களுமே. கட்டப்பட்ட கட்டில் நோயாளியைத் தேடிக்கொள்ளும் என்ற கருத்தை மில்ற்றன் றோமர் என்பார் அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னரே வெளியிட்டிருந்தார். எனவே பணம் நோயைத் தேடிச் செல்வதில்லை. வைத்தியசாலையும் வைத்தியரும் ஏற்கெனவே உள்ள இடத்தையே நாடிச் செல்கின்றது.

இரண்டாவது காரணி பணத்தோடு இணைந்து வரும் நிபந்தனையாகும். 1946இல் அமெரிக்க அரசாங்கம் வறிய மாநிலங்களுக்கு முதன்மையளித்து வைத்தியசாலைகள் கட்டுவதற்கு நிதி வழங்கியது. தென் மாநிலங்கள் பெரும் பயனடைந்தன. ஆனால் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் வேறு வேறு விடுதிகள் அமைக்க அச்சட்டம் இடமளித்தது. எனவே பணம் வந்தும் கறுப்பினத்தவரின் நிலை அதிகம் மாறவில்லை. 1965இல் முதியோருக்கான மெடிக்கெயார் திட்டம் சட்டமாகி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது, இன அடிப்படையில் நோயாளரைப் பிரிக்கும் வைத்தியசாலைக்குப் பணம் இல்லை என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. பல்லாண்டுப் போராட்டத்தால் முற்றாகத் திறவாதிருந்த கதவுகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட வைத்தியசாலைகளிற் சில மாதங்களுள் திறந்தன. போராட்டம் இன்றேல் அந்நிபந்தனை எழுந்திராது என்பது உண்மையே. எனினும் செலுத்துபவர் யாருக்குப் பொறுப்பாளி என்பது மாறியபோதே பணத்தின் பயனும் மாறிற்று என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

யாழ்ப்பாணம்: தருமமும் சந்தாவும்

இலங்கையின் முதலாவது செலவு முறை யாழ்ப்பாணக் குடாநாட்டில் உருவாயிற்று. ஆங்கில மருத்துவம் இங்கு அரசாங்கத்தின் பணத்தால் வேரூன்றவில்லை. அமெரிக்கப் பணத்தாலேயே வேரூன்றியது என்பது சுவையான வரலாற்றுண்மை. 1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அமெரிக்க மிசனைச் சேர்ந்த டாக்டர் யோன் ஸ்கடர், 1820 முதல் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணி புரிந்தார். 1847இல் வந்து சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டில் மானிப்பாயைத் தமது நிலையமாக்கிக் கொண்டு மாணாக்கருக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி தோன்றியது 1870இலேயே என்பதை நினைவிற் கொண்டால் மானிப்பாயின் முன்னோடித் தன்மை விளங்கும்.

கிறீன் தமிழிலே மருத்துவம் கற்பித்தமையும், அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியரை உருவாக்கியமையும், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கியமையும் தமிழுலகம் நன்கறிந்தவை. அவரது தமிழ்ப் பற்றைப் போற்றுவோர், அதன் பின்னிருந்த செலவுக் கணக்கை அத்துணை கவனிப்பதில்லை. ஆங்கிலத்திற் பயின்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரை விட்டுச் சென்றனர். தமிழிற் பயின்றவர்கள் தத்தம் ஊரிலே தங்கி, ஊரவர் கொடுக்கக்கூடிய கட்டணத்துக்குச் சேவை செய்வர் என்பது கிறீனின் எதிர்பார்ப்பு. வைத்தியர்களை நாட்டின் எல்லாப் பாகங்களுக்கும் பரவச் செய்வது எவ்வாறு என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை அது. இன்றும் அக்கேள்வி தீரவில்லை.

மிசனின் பணம் தருமப் பணமாகும். அது பொஸ்ரன் நகரிலிருந்த சபையின் விருப்பத்திலும், அங்கு நன்கொடை வழங்கியோரின் நோக்கத்திலும் தங்கியிருந்தது. தூரத்திலிருந்து பணம் செலுத்துபவர் தூரத்திலிருந்தே முடிவும் எடுப்பர். 1855இல் அச்சபையின் தூதுக் குழுவினர் வருகை தந்ததைத் தொடர்ந்து, புகழ்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டமை இதற்குச் சான்று. குடாநாட்டு மக்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கடமையும் அச்சபைக்கு இருக்கவில்லை.

இதே காலப்பகுதியில் அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் முன்னின்று, 1850இல் யாழ்ப்பாண நகரில் ‘பிரெண்ட் இன் நீட்’ என்னும் தரும சங்கத்தின் பெயரால் ஒரு வைத்தியசாலையை நிறுவினார். இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் தோற்றுவாய் அதுவே. அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது 1907இலேயாகும். சிவில் வைத்தியத் திணைக்களம் 1858இல் அமைக்கப்பட்டிருந்தும், வட மாகாணத்தின் தலைமை வைத்தியசாலை அதன்பின் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் தரும சங்கத்தின் பெயரிலேயே இயங்கிற்று. பெண்களுக்கென 1898இல் இணுவிலில் அமைந்த மக்லியொட் வைத்தியசாலையும் மிசனின் முயற்சியே. 1930களில் மூளாயில் தோன்றிய கூட்டுறவு வைத்தியசாலை இம்மரபில் ஒரு புதிய படியாகும். அங்கு செலுத்துபவரும் பயன்பெறுபவரும் ஒரே ஊரவர். ஆதலின் வைத்தியசாலை அவர்களுக்கே பொறுப்பாயிற்று.

இம்முறையின் நன்மையையும் குறையையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். அரசாங்கத்தின் கவனம் முழுமையாகத் திரும்பு முன்னரே குடாநாடு வைத்தியரையும் வைத்தியசாலைகளையும் பெற்றது. எனினும் தருமமும் சந்தாவும் குடாநாட்டின் எல்லையைப் பெரிதும் தாண்டவில்லை. கல்வியும் காசும் கோவிலும் தேவாலயமும் செறிந்திருந்த இடத்தில் வைத்தியமும் செறிந்தது. காடும் காய்ச்சலும் நிறைந்த வன்னிக்கு, மானிப்பாயின் பயன் மிக அரிதாகவே எட்டியது. இலங்கைக்குள் வடக்கு பெற்ற பங்கைப் பற்றி ஆராய்பவர்கள், வடக்கினுள் வன்னி பெற்ற பங்கையும் அதே அளவுகோலால் அளத்தல் நியாயமாகும்.

பெருந்தோட்டம்: முதலாளியின் கணக்கு

இரண்டாவது முறை மலைநாட்டுப் பெருந்தோட்டங்களில் உருவாயிற்று. கோப்பித் தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னாரிற் கரையேறி, வடபாதை வழியே கால்நடையாக மாத்தளையை நோக்கிச் சென்றனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் வழியெங்கும் உயிர்களைப் பலிகொண்டன. இது பற்றிய கண்டனங்கள் எழுந்த பின்னரே 1872இல் தோட்டப் பகுதிகளின் வைத்தியத் தேவைகளுக்கான சட்டம் இயற்றப்பட்டது. தோட்டங்கள் வைத்திய வட்டாரங்களாக வகுக்கப்பட்டன. செலவை யார் ஏற்பது என்பதே தொடக்கம் முதல் தோட்டத்துரைமாருக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான பிணக்காயிற்று. சட்டம் 1880களில் மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டது. ஏற்றுமதித் தீர்வை மூலமும் பணம் திரட்டப்பட்டது. 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்ட முகாமையின் கடமைகளை மேலும் வரையறுத்தன.

எழுத்தளவில் நோக்கின், தோட்டத் தொழிலாளி அக்காலக் கிராமவாசியிலும் பார்க்கச் சட்டத்தின் கூடிய பாதுகாப்பைப் பெற்றிருந்தான். தோட்டத்திலே மருந்தகம் இருந்தது. வட்டாரத்திலே வைத்தியர் இருந்தார். ஆயினும் அச்செலவின் நோக்கம் வேறு. தொழிலாளியை வேலைக்குத் தகுதியானவனாக வைத்திருப்பதே அதன் குறிக்கோள். கொழுந்து பறிக்கும் கையைப் பற்றித் தோட்டக் கணக்கு கவலைப்பட்டது. லயன் அறையிற் பிறந்த குழந்தையைப் பற்றி அதே அளவுக்குக் கவலைப்பட அக்கணக்கில் இடமிருக்கவில்லை.

1916இல் றொக்பெல்லர் மன்றம் இலங்கையில் நடத்திய கொழுக்கிப் புழு ஒழிப்பு இயக்கம் இதனைத் தெளிவாக வெளிக்காட்டியது. தொழிலாளியின் வலுவை உறிஞ்சும் இப்புழுவை ஒழிப்பது தோட்டங்களுக்கும் இலாபமானதே. மருந்து கொடுக்கும் பணிக்குத் துரைமார் இணங்கினர். ஆனால் நோய் திரும்பவும் பரவாதிருக்க மலசலகூடங்கள் கட்டவேண்டும் என்ற போது பலர் பின்வாங்கினர். மருந்தின் பயன் அந்த ஆண்டிலேயே தெரியும். மலசலகூடத்தின் பயனோ நெடுங்காலத்துக்குரியது. தொழிலாளியை நெடுங்காலக் குடிமகனாகக் கருதாதவருக்கு நெடுங்காலச் செலவு வீண் செலவாகத் தோன்றியதில் வியப்பில்லை. மன்றத்தின் கவனம் படிப்படியாகக் கிராமங்களின்பாற் திரும்பி, 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைவதற்கு வழிவகுத்தது. தாய் சேய் நலம், மருத்துவமாது, தொற்றுநோய்த் தடுப்பு என்பவற்றை ஒன்றிணைத்த அச்சுகாதாரப் பிரிவே பின்னர் நாடெங்கும் பரவிய அமைப்புக்கு முன்மாதிரியாகும். தோட்ட எல்லையோ நெடுங்காலம் அதற்கு வேலியாக நின்றது.

வாக்குரிமையும் இலவச வைத்தியமும்

மூன்றாவது முறை அரசாங்கத்தின் பொதுப் பணத்தில் இயங்கும் இலவச வைத்தியமாகும். இதன் வளர்ச்சியை 1931இல் வழங்கப்பட்ட சர்வசன வாக்குரிமையினின்றும் பிரித்து நோக்க இயலாது. 1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவி ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டது. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியமையால், வழக்கமாக மலேரியா குறைந்த கேகாலை, குருணாகல் முதலிய பகுதிகளே பெரிதும் பாதிக்கப்பட்டன. கொள்ளைநோய் முன்னரும் வந்ததுண்டு. இம்முறை பாதிக்கப்பட்ட கிராமவாசியின் கையில் வாக்குச் சீட்டு இருந்தது. நிவாரணப் பணியில் இறங்கிய இடதுசாரித் தலைவர்களுட் சிலர் 1936இல் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். அடுத்து வந்த ஆண்டுகளில் கிராமிய வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் பெருகின. வைத்தியசாலை வேண்டும் என்று தொகுதி கேட்டது. கேட்டதைக் கொடுக்காத பிரதிநிதி அடுத்த தேர்தலை அஞ்சினார்.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் டீ.டீ.ரீ. தெளிப்பு ஆரம்பமாயிற்று. 1946இல் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 20ஆக இருந்த இறப்பு வீதம் ஒரே ஆண்டில் 14ஆக வீழ்ந்தது. ஆயிரம் பிறப்புகளுக்கு 141ஆக இருந்த சிசு மரண வீதம் 101ஆகக் குறைந்தது. இப்பெருமை முழுவதையும் டீ.டீ.ரீக்கே அளித்தல் பொருந்தாது என்பதையும், உணவுப் பங்கீடும் வைத்தியசாலைகளின் பெருக்கமும் இதிற் பங்கு வகித்தன என்பதையும் பின்வந்த குடித்தொகை ஆய்வாளர்கள் விளக்கியுள்ளனர். 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் ஒழிக்கப்பட்டது. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை புகுத்தப்பட்டது. 1977இல் அது கைவிடப்பட்டது. இருபத்தைந்து சதம் கூட ஓர் அரசியற் பிரச்சினையாகும் நாட்டில் இலவச வைத்தியம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இங்குதான் வரலாற்றின் கசப்பான பகுதி தொடங்குகின்றது. வாக்குரிமையே வைத்தியசாலையைக் கொணர்ந்தது எனின், வாக்குரிமையை இழந்தவரின் நிலை யாது? 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகினர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழருட் பெரும்பாலானோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. இரண்டே ஆண்டுகளின் பின்னர் இலவச வைத்தியம் நாடெங்கும் பிரகடனமாயிற்று. சட்டப்படி அரசாங்க வைத்தியசாலையின் கதவு தொழிலாளிக்கு மூடப்பட்டிருக்கவில்லை. ஆனால் புதிய வைத்தியசாலை எங்கே அமைவது, மருத்துவமாது எந்த ஊருக்குச் செல்வது என்பன தொகுதிகளின் குரலால் தீர்மானிக்கப்பட்ட காலத்தில், தோட்டத்துக்குக் குரல் இருக்கவில்லை. தோட்டத்தின் சுகாதாரம் தோட்ட முகாமையின் பொறுப்பு என்று அரசாங்கம் கருதிற்று. முகாமையோ தன் இலாப நட்டக் கணக்குக்குள் அதனை அடக்கிற்று.

இதன் விளைவை 1970களின் எண்கள் கூறுகின்றன. 1974இல் நாட்டின் சிசு மரண வீதம் ஆயிரத்துக்கு 51ஆக இருந்தபோது தோட்டங்களில் அது 100ஐத் தாண்டியிருந்தது. உணவுப் பஞ்சம் நிலவிய அக்காலத்தில், கிராமத்தவர் பலருக்கு மரவள்ளி நடுவதற்காவது ஒரு துண்டு நிலம் இருந்தது. லயனில் வாழ்ந்தவருக்கு அதுவும் இல்லை. குறைந்த செலவில் நல்ல உடல்நலம் என்று உலகம் பாராட்டிய அதே காலப்பகுதியில், தோட்டங்களிற் செலவும் குறைவாகவே இருந்தது. உடல்நலமும் குறைவாகவே இருந்தது. செலவின் சிறுமை தானே நலத்தைத் தந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இல்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளிற் தோட்டங்கள் தேசியமயமாயின. 1977இல் எஸ். தொண்டமான் நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். குடியுரிமைப் பிரச்சினை படிப்படியாகத் தணிந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்துடன் பெரும்பாலும் தீர்ந்தது. சிசு மரண வீதமும் இக்காலத்தில் வெகுவாகக் குறைந்தது. எனினும் பழைய இடைவெளி முற்றாக மறையவில்லை. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாடளாவிய ரீதியில் 17 வீதமாக இருக்க, தோட்டத்துறையில் ஏறக்குறைய 32 வீதமாக இருந்தனர். 1992இல் தோட்டங்களின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்கு மாறிய பின்னர், வைத்தியம் யாருடைய பொறுப்பு என்ற 1872ஆம் ஆண்டுக் கேள்வி புதிய உருவில் மீண்டும் எழுந்தது.

எண்ணப்படாத வடக்கு

வடக்கைப் பொறுத்தவரை, 1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் தொடங்கப்பட்டமை நூற்றாண்டு கால ஏக்கத்தின் நிறைவாகும். மானிப்பாயில் விட்ட இடத்திலிருந்து வைத்தியக் கல்வி மீண்டும் தொடர்ந்தது. ஆயின் சில ஆண்டுகளுள் போர் சூழ்ந்தது. 1987 ஒக்ரோபர் 21இல் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள்ளேயே நோயாளரும் வைத்தியரும் தாதியரும் கொல்லப்பட்டனர். 1990இன் பின்னர் மருந்துப் பொருள்களுக்கும் தடைகளும் கட்டுப்பாடுகளும் விதிக்கப்பட்டன. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவும், எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பும் ஆற்றிய பணி அக்காலத்தில் உயிர்காத்த பணியாகும். அரசாங்கம் சம்பளத்தைத் தொடர்ந்து செலுத்தியது. ஆனால் ஏட்டில் ஒதுக்கப்பட்ட பணம் வேறு, கட்டிலருகே வந்து சேர்ந்த மருந்து வேறு. செலவினப் புள்ளிவிபரத்தை மாத்திரம் கொண்டு அக்கால வடக்கின் நிலையை எவராலும் அறிய இயலாது.

புள்ளிவிபரமும் கூடப் பல ஆண்டுகளில் இருக்கவில்லை. 1987, 1993, 2000ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வுகள் வடக்கையும் கிழக்கையும் முற்றாகவோ பகுதியாகவோ விலக்கியே நடத்தப்பட்டன. 2006-07ஆம் ஆண்டு ஆய்வில் வட மாகாணம் இடம்பெறவில்லை. 1981இன் பின்னர் இருபது ஆண்டுகள் குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. 2001இலும் 25 மாவட்டங்களுள் 18 மட்டுமே முழுமையாகக் கணக்கிடப்பட்டன. எனவே இலங்கையின் சராசரி என்று அக்காலத்திற் கூறப்பட்டது, பலமுறை வடக்கு நீங்கலான இலங்கையின் சராசரியே. தோட்டத் தொழிலாளி சராசரிக்குள் மறைந்தான். வடபுலத்தவன் சராசரிக்கு வெளியே விடப்பட்டான். இரண்டின் பயனும் ஒன்றே: அவனது நோய் நாட்டின் கணக்கில் விழவில்லை.

இன்றைய அமைப்பும் எஞ்சிய கேள்விகளும்

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் சுகாதாரத் துறையின் பெரும் பகுதியை மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. எனினும் போதனா வைத்தியசாலைகள் போன்ற பெரிய நிலையங்கள் மத்திய அமைச்சின் கீழேயே உள்ளன. இதனால் ஒரே மாவட்டத்தில் இரண்டு பணப்பைகள் இயங்குகின்றன. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குக் கொழும்பு செலுத்துகின்றது. கிராமத்து வைத்தியசாலைக்கு மாகாணம் செலுத்துகின்றது. மாகாணத்தின் சொந்த வருமானமோ அற்பமானது. மத்தியின் நன்கொடையையே அது நம்பியுள்ளது. மேல் மாகாணத்தின் நிலை இதுவன்று.

அரசாங்கச் செலவு இன்று நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவினத்தில் ஏறத்தாழ அரைவாசி மட்டுமே. எஞ்சியதிற் பெரும்பகுதி மக்கள் தம் கையிலிருந்து கொடுக்கும் பணம். இப்பணம் வருமானம் கூடிய இடத்தையே நாடும். ஆதலின் தனியார் வைத்தியசாலைகள் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் செறிந்துள்ளன. கட்டில் நோயாளியைத் தேடிக்கொள்ளும் என்ற அமெரிக்க அனுபவம் இங்கும் மெய்ப்படத் தொடங்கியுள்ளது. குடாநாட்டிலும் புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பும் பணம் பல குடும்பங்களின் வைத்தியச் செலவைத் தாங்குகின்றது. தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டும் பொருட்டு 2011இல் தேவேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை நடைபவனி நிகழ்ந்தது. தீவின் தென்கோடியும் வடகோடியும் அதனால் இணைந்தமை மனத்துக்கு நிறைவளிப்பதே. எனினும் 1850இற் போன்றே 2011இலும் வடக்கின் வைத்தியசாலை ஒன்று தருமத்தை எதிர்பார்த்து நின்றது என்பதையும் வரலாற்று மாணவன் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வேறுபாடுகள் அனைத்தையும் இன அடிப்படையில் மட்டும் விளக்க முற்படுதல் முழு உண்மையாகாது. மொனராகலை போன்ற சிங்களக் கிராமப் புறங்களும் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தன. வடக்கினுள்ளும் முல்லைத்தீவில் நிற்க விரும்பாத வைத்தியர் யாழ்ப்பாண நகரில் நிற்க விரும்புவர். ஆயினும் எங்கெல்லாம் செலுத்துபவர் பயன்பெறுபவருக்குப் பதில் கூறத் தேவையில்லாதிருந்தாரோ, அங்கெல்லாம் நலம் பின்தங்கியது என்ற பொது உண்மை நிலைத்து நிற்கின்றது. பொஸ்ரன் சபை தன் நன்கொடையாளருக்குப் பதில் கூறியது. தோட்டக் கம்பனி தன் பங்காளருக்குப் பதில் கூறியது. அரசாங்கம் தன் வாக்காளருக்குப் பதில் கூறியது. நோயாளியே நன்கொடையாளனாகவோ வாக்காளனாகவோ இருந்த இடத்தில்தான், மூளாயிலும் களுத்துறையிலும் போல, பணம் நோயைத் தேடிச் சென்றது.

அமெரிக்கா பெரும் பணத்தைச் செலவிட்டும் பிரதேச வேறுபாட்டை ஒழிக்கவில்லை. இலங்கை சிறு பணத்தைச் செலவிட்டும் அதனை ஒழிக்கவில்லை. ஆகவே, சுகாதாரத்துக்கு இன்னும் எவ்வளவு பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்ற கேள்வியோடு நின்றுவிடுதல் போதாது. ஒதுக்கப்படும் பணம் மாவட்டந்தோறும், தோட்டந்தோறும் எவ்வாறு பகிரப்படுகின்றது என்ற கணக்கு பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும். ஆய்வுகள் தோட்டத்தையும் வன்னியையும் தனித்தனியே எண்ணிக் காட்டவேண்டும். தோட்ட வைத்தியசாலை, கிராமிய வைத்தியசாலை, போதனா வைத்தியசாலை மூன்றும் ஒரே பொது நிதியின் பொறுப்பாக வேண்டும். எண்ணப்படாதவனுக்கு ஒதுக்கீடு இல்லை. ஒதுக்கீடு இல்லாத இடத்துக்கு வைத்தியர் வருவதில்லை. நாட்டின் சராசரி உயர்வது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் ஒரு சுகாதார முறையின் தரத்தைச் சராசரியால் அன்றி, அதன் கடைசி லயன் அறையிலும் கடைசிக் குடிசையிலும் பிறக்கும் குழந்தையின் ஆயுளாலேயே அளத்தல் வேண்டும்.